கலாத்தியர் 6:10 சொல்வது அதுவல்ல

பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு உதவிய சகோதரியிடம், “விசுவாசிகளுக்கு மட்டும் நன்மை செய்தால் போதும், கலாத்தியர் 6:10 பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதி வசனம். பைபிளில் உள்ள அந்தக் கடிதத்தில், ‘யாவருக்கும்’ நன்மை செய்யத்தான் அப்போஸ்தலன் பவுல் சொல்கிறார். ‘விசேஷமாக’ விசுவாசக் குடும்பத்தாருக்கு என்பது அப்புறம்தான்.

சரி, நாம் நேசிக்க வேண்டிய பிறன் யார் என்று இயேசுவிடமே ஒரு நியாயசாஸ்திரி (யூத வேதச் சட்டம் கற்றவர்) கேட்டாரே, லூக்கா சுவிசேஷம் 10-இல்? இயேசு ஒரு கதை சொல்லி, யூதர்கள் ஒட்டாமல் ஒதுக்கிய சமாரியன் ஒருவனைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைப் பார்த்தும் ஆசாரியனும் (யூத குரு) லேவியனும் (ஆலய ஊழியன்) விலகிப்போன இடத்தில், இந்தச் சமாரியன் அவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அடிபட்டவன் என்ன ஜனம் என்று விசாரித்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. அந்தச் சகோதரி செய்தது வேதத்தின்படியே சரி. தயவுசெய்து அவரைக் கலங்க வைக்காதீர்கள்.