முருங்கைக்காயும் பருவக்காற்றும்

(சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தை, சனிக்கிழமை காலை. இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். மீன் பக்கத்திலிருந்து வழிந்த தண்ணீர் காய்கறி வரிசைவரை வந்திருக்கிறது. கடைக்கு உள்ளே காதர் பாய். வெளியே உருட்டு வண்டியோடு சரோஜா அக்கா. அக்கா வாங்க வந்தது ஒரு கட்டு முருங்கைக்காய் மட்டும்தான். அதற்கு அரை மணி நேரம் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.)

சரோஜா: பாய், முருங்கைக்காய் என்ன விலை?

காதர்: கட்டு 3 வெள்ளி அக்கா.

சரோஜா: போன வாரம் 2 வெள்ளிதானே? ஒரே வாரத்தில் என்ன, பதவி உயர்வு கிடைத்துவிட்டதா?

காதர்: காற்று மாறிவிட்டது அக்கா. பருவக்காற்று.

சரோஜா: மாறட்டுமே. உங்கள் முருங்கைக்காய் பாய்மரக் கப்பலிலா வருகிறது? மலேசியாவிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டி லாரியில் வருகிறது.

காதர்: அந்தக் காலத்தில் எல்லாமே காற்றுதான். வடகிழக்குக் காற்று அடித்தால் சீனத்துக் கப்பல் வரும். திரும்பிப் போகக் காற்று திசை மாறணும், அதுவரை மாதக்கணக்கில் இங்கேயே கிடப்பார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுப் பக்கமிருந்து பூகிஸ் வணிகர்கள் வந்து இங்கே கம்போங் கிளாம் கரையில் இறங்குவார்கள். கடல் அட்டை, பறவைக்கூடு, ஆமை ஓடு, எல்லாம் சீனாவுக்குப் போகிற சரக்கு. திரும்பும்போது துணி, இரும்பு, அபின்...

சரோஜா: அபினா! ஒரு முருங்கைக்காய் கேட்டதற்கு எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்? யார் சொன்னது இதெல்லாம்?

காதர்: சுற்றுலா வழிகாட்டி ஒருத்தர் தினமும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். வெண்டைக்காய்க்குத் தண்ணீர் தெளித்தபடி நானும் கேட்டுக்கொள்வேன். இலவசப் பாடம்.

சரோஜா: இலவசமாகப் படித்துவிட்டு என்னிடம் 1 வெள்ளி கட்டணமா? எனக்கும் சரித்திரம் தெரியும் பாய். 1819-ல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வந்ததும் இங்கே சுங்கவரி கிடையாது என்றார். அதனால்தான் டச்சுக்காரன் துறைமுகங்களில் வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இங்கே திரும்பினார்கள். வரி இல்லை என்று பேர் வாங்கிய ஊரில் நீங்கள் விலை ஏற்றலாமா?

காதர்: நான் எங்கே வரி போட்டேன்? பேரங்காடிக்குப் போய்ப் பாருங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி, பைக்குத் தனியாக 5 காசு. என் கடையில் பை சும்மா.

சரோஜா: நான் பை கொண்டு வந்திருக்கிறேன். அந்த 5 காசைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காதர்: சும்மா கொடுப்பதில் எதைக் கழிப்பது?

சரோஜா: விலை என்றால் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைதான் பாய். 2017 ஜூலையில் மூடும்வரை எங்கள் வீட்டுக்காரர் வாராவாரம் போவார். சாக்கை விரித்தால் கடை. பழைய வானொலி, ராணுவச் சட்டை, ஒற்றைக் காலணிகூட இருக்கும். காலையில் காணாமல் போன செருப்பை மாலையில் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். திருட்டுச் சந்தை என்று சும்மாவா பேர் வந்தது? வீட்டில் இன்னும் ஒரு பெட்டி நிறைய கடிகாரம் இருக்கிறது, ஒன்றும் ஓடாது.

காதர்: அங்கே வாடகை கிடையாது, குறைத்துக் கொடுத்தார்கள். எனக்கு வாடகை இருக்கிறதே.

சரோஜா: தெலுக் ஆயர் சந்தைக்கு, அதுதான் இப்போது லாவ் பா சாட், 1894-ல் கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்பு வந்தது. அவ்வளவு தூரம் கப்பலேறி வந்த இரும்புக்குக்கூட இப்படி விலை சொல்லியிருக்க மாட்டார்கள்.

காதர்: அந்த இரும்பைச் சாம்பாரில் போட முடியாது அக்கா. இந்தத் தேக்கா சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915-ல் சாலைக்கு எதிர்ப்பக்கம் திறந்தார்கள். 1982-ல்தான் இந்தக் கட்டடத்துக்கு மாறியது. அதற்கெல்லாம் முன்னால் இந்த வட்டாரம் முழுக்க மாட்டுக் கொட்டில், எருமைக் கொட்டில்.

சரோஜா: எருமை விற்ற காலத்தில்கூட இவ்வளவு பேரம் நடந்திருக்காது.

காதர்: எருமை திருப்பிப் பேசாதே.

(அக்கா ஒரு முருங்கைக்காயை எடுத்து இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பார்க்கிறார். நல்ல காய்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.)

சரோஜா: சரி, இரண்டரை. ஒரு வெள்ளி இப்போது, மிச்சம் அடுத்த வாரம்.

காதர்: கடனா? மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போங்கள். செட்டியார்கள் கிட்டங்கியில், அதாவது அவர்களுடைய வட்டிக்கடையில், உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த இடம்.

சரோஜா: அங்கே இப்போது உயர உயரமாய்க் கட்டடம்தான் நிற்கிறது.

காதர்: அப்போ ரொக்கம்தான்.

சரோஜா: நீங்கள் என்ன சொந்தத் தோட்டத்திலா பறித்தீர்கள்? வெங்காயம் இந்தியா, பூண்டு சீனா, தேங்காய் இந்தோனேசியா. வாங்கி விற்பதற்கு இவ்வளவு வீறாப்பு.

காதர்: ஊரே அப்படி வளர்ந்ததுதானே? அங்கே வாங்கி இங்கே இறக்கி, இன்னொருத்தனுக்குக் கைமாற்றிவிட்டு, நடுவில் நின்றே பிழைத்தது. தோல் பதனிடப் பயன்படும் கேம்பியர் செடியும் மிளகும் கொஞ்ச காலம் போட்டார்கள், மண் சத்துப் போனதும் தோட்டக்காரர்கள் ஜொகூருக்குப் போய்விட்டார்கள்.

(வழிகாட்டி வருகிறார். பின்னால் தொப்பியும் கேமராவுமாக ஒரு கூட்டம். அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் முருங்கைக்கட்டைக் காட்டி விலை கேட்கிறார். பாய் நான்கு விரலைக் காட்டுகிறார். அவர் சிரித்துக்கொண்டே பணப்பையைத் திறக்கிறார்.)

சரோஜா: ஐயோ, கொடுக்காதீர்கள்! பாய், நான்கா? என்னிடம் மூன்று, அவரிடம் நான்கா?

காதர்: அவர் எதுவும் கேட்கவில்லையே அக்கா! கொடுப்பவரை ஏன் தடுக்கிறீர்கள்?

சரோஜா: பேரம் பேசாமல் வாங்கிப் போனால் சந்தைக்கு என்ன மரியாதை? (வெள்ளைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தி, பாயைப் பார்த்து) இவருக்கு இரண்டு கட்டு 5 வெள்ளி. கறிவேப்பிலை கொசுறு.

காதர்: நீங்கள் யார் அவருக்காகப் பேச?

சரோஜா: தரகர். அவருக்கு 3 வெள்ளி மிச்சம் பிடித்துக் கொடுத்தேன், உங்களுக்கு ஒரே வீச்சில் இரண்டு கட்டு விற்றுக் கொடுத்தேன். என் தரகு ஒரு கட்டு முருங்கைக்காய்.

காதர்: சும்மாவா?

சரோஜா: உங்கள் பக்கத்துக்கு அது. அவர் பக்கத்துத் தரகு இன்னும் பேசி முடிக்கவில்லை.

(வெள்ளைக்காரர் படம் எடுக்கிறார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, அக்காவிடம் மெதுவாக முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்கிறார்.)