வான்கோழி இருக்கிறது, வாய் திறக்கவில்லை

சனிக்கிழமை காட்டு வான்கோழி பார்க்க, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிற ஒக்கோனி அரசுக் காட்டுக்கு நான் எட்டுப் பேராகக் கூட்டிப் போய்வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குழுவில் ஓடிய காணொளியையும் பார்த்திருப்பீர்கள். "ஜார்ஜியாவில் காட்டு வான்கோழி என்பதெல்லாம் சும்மா விடுகிற கதை. இவரை நம்பி வந்தோம், ஒரு சத்தம்கூட இல்லை." கீழே வரிசையாகச் சிரிப்பு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

வான்கோழி இருக்கிறது. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்றேன். கிளம்பும்போதே ஏழரை. போய்ச் சேர்ந்தபோது ஒன்பது. எட்டுப் பேர், இரண்டு கார், கதவைச் சாத்திய சத்தமே அரை மைலுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஒருவர் பையிலிருந்து புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து, யூடியூபில் பெட்டை வான்கோழியின் குரலை ஓடவிட்டார். வேண்டாம் என்றேன். "சும்மா இருங்க, இப்ப பாருங்க வரிசையா வரும்" என்றார். அரை மணி நேரம் ஒரே குரல், ஒரே சுருதி. எந்தப் பெட்டை ஒரே இடத்தில் நின்று அரை மணி நேரம் அப்படிக் கத்தும்? வேட்டைக்குப் போகிறவன் இங்கே ஸ்பீக்கர் வைத்து வான்கோழியைக் கூப்பிட்டால் சட்டப்படி குற்றம். நாங்கள் வேட்டைக்குப் போகவில்லை என்பது அந்தப் பறவைக்கு எப்படித் தெரியும்?

அதுவும் ஏப்ரல் கடைசி வாரம். 2022-இல் விதியை மாற்றியதிலிருந்து ஜார்ஜியாவில் தனியார் நிலத்தில் ஏப்ரல் தொடக்கத்திலும், அரசு நிலத்தில் அதற்கு ஒரு வாரம் கழித்தும் வான்கோழி வேட்டை சீசன் திறக்கிறது. ஆக, நாம் போகும் முன்பே அந்தக் காட்டில் இரண்டு வாரமாக ஆட்கள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து பெட்டைக் குரலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குரலை நம்பிப் பதில் கொடுத்த சேவல்களில் சில இன்று யார் வீட்டுக் குளிர்பெட்டியிலோ இருக்கின்றன. சத்தமாகக் கூவுகிறவனைத் தேடித்தான் எல்லோரும் போகிறோம். மிச்சம் இருப்பவன் ஏன் கூவுவான்?

"பறவைக்கு என்ன, காலண்டரா தெரியும்?" என்று ஒரு கமெண்ட். தெரியாது. ஆள் நடமாட்டம் தெரியும், துப்பாக்கிச் சத்தம் தெரியும், நேற்றுவரை பக்கத்து மேட்டில் கூவியவன் இன்று இல்லை என்பது தெரியும். இது என் கற்பனை இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லெய்னும் அவருடன் வேலை செய்தவர்களும் தென் கரோலினாவில் மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, வேட்டை நடக்கும் இடத்தையும் நடக்காத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேட்டை நடக்கும் இடத்தில் கூவல் குறைந்திருந்தது. பறவை இருந்தது, குரல்தான் குறைந்தது.

வேட்டை மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. காற்று அடித்தால் கூவாது, மழை பெய்தால் கூவாது. கூவினால், ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டிக்கும் காது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பெட்டைகள். சேவல் விடியுமுன் மரக்கிளையில் அடைந்திருந்தபடியே கூவுவது பெட்டையைத் தன்னிடம் வரச் சொல்லித்தான். பெட்டை வந்துவிட்டால் அதற்குமேல் கத்த வேண்டிய வேலை இல்லை. தோகையை விரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றும். அப்புறம் பெட்டை தினம் ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, இருபத்தெட்டு நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடும். துணையில்லாத சேவல் மறுபடி கூவத் தொடங்குவது அப்போதுதான். வேட்டைக்காரன் செய்வது இதற்கு நேர்மாறு. பெட்டை மாதிரிக் கத்திவிட்டு, சேவல் தன்னைத் தேடி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அதுவோ கூவிவிட்டு, "கூப்பிட்டவள் ஏன் இன்னும் வரவில்லை" என்று நின்று பார்க்கும். சத்தமில்லாமல் நின்று பார்க்கும்.

சத்தமில்லாமல் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2019 ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை முதல் தடவை கூட்டிப் போனார். ஆறே முக்கால் மணி, இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. தூரத்துப் பைன் மரத்திலிருந்து மூன்று தடவை கூவியது. மரப்படியில் தகர டப்பா உருண்டுபோவது மாதிரி இருந்தது. பெரியவர் வான்கோழியைக் கூப்பிடுவதற்கென்றே செய்த சின்ன மரப்பெட்டியின் மூடியை ஒருமுறை இழுத்துப் பெட்டைக் குரல் கொடுத்தார். பிறகு பெட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. "போய்விட்டது" என்று முணுமுணுத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு மணி நேரம் ஆனதும் தாங்காமல் நான் எழுந்தேன். முதுகுக்குப் பின்னால், முப்பதடி தூரத்தில், "புட்" என்று ஒரு சத்தம். திரும்பினேன். நீலமும் சிவப்புமாகத் தலை, நெஞ்சில் தொங்கும் முடிக்கற்றை, வெயில் பட்ட இறகில் செம்பு நிறம். ஒரு நொடி. அடுத்த நொடி ஓடிவிட்டது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றதோ. வரும் வழியில் ஒருமுறைகூடக் கூவவில்லை. நான் "இல்லை" என்று முடிவு கட்டிய நேரத்தில் அது என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஒக்கோனியிலும் இருந்தது. எங்கள் எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"நீங்களே வேட்டைக்காரர், உங்களுக்கு எதற்கு இந்த அக்கறை?" இதையும் ஒருவர் எழுதியிருக்கிறார். 1937-இல் கொண்டுவந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுகிற தனி வரி காட்டுயிர் பாதுகாப்புக்குப் போகிறது. ஏறக்குறைய அழிந்துபோன வான்கோழியை வலைபோட்டுப் பிடித்து, காடு காடாகக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கொண்டுவந்ததில் அந்தப் பணமும் இருக்கிறது. நான் இதுவரை சுட்டது இரண்டே இரண்டு. இரண்டையும் வீணாக்காமல் சமைத்துச் சாப்பிட்டோம். கடையில் பிளாஸ்டிக் சுற்றி விற்கிற வான்கோழியை நன்றி கூறும் நாளன்று வாங்குகிறவர்கள் எனக்குக் கருணை பற்றிப் பாடம் எடுக்கவேண்டாம்.

ஜார்ஜியாவிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் வான்கோழி எண்ணிக்கை குறைந்திருக்கிறது, குஞ்சு பிழைப்பதும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் ஜார்ஜியாவில் சீசனைத் தள்ளிவைத்தார்கள், ஒருவர் மூன்று சுடலாம் என்பதை இரண்டாக்கினார்கள். சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்துவிட்டது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பல வருடம் கணக்கெடுத்தார்கள். ஒரு காலைப்பொழுது ஸ்பீக்கர் வைத்துச் சொல்லவில்லை.

இன்னொருவர், மயிலைப் பார்த்து ஆடப்போன பறவைதானே இது என்று எழுதியிருந்தார். அதற்கு எழுபது லைக். இந்தப் பறவை மயிலைப் பார்த்ததே இல்லை ஐயா. மயில் இல்லாத கண்டத்தில், அதற்கென்று இருக்கிற ஆட்டத்தை அது ஆடிக்கொண்டிருந்தது. தோகை விரிக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு அதிர்வு வரும், பக்கத்தில் இருந்தால் காதுக்கு முன்னால் நம் விலா எலும்புக்குத் தெரியும். அதைக் கேட்ட பிறகு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அன்று காரில் என் பையில் இருந்த மரப்பெட்டியை எடுத்து, கீச்சுக்கீச்சென்று இழுத்து, "இந்தப் பொம்மையை வைத்தா பிடிக்கிறீங்க?" என்று கைமாற்றி விளையாடினீர்களே, காணொளியின் தொடக்கத்திலும் அது இருக்கிறது. அது அந்தப் பெரியவர் கொடுத்தது. போன அக்டோபரில் இறந்துபோனார். குரல் சரியாக வருவதற்காக மூடியின் அடிப்பக்கத்தில் அவர் தேய்த்த சுண்ணக்கட்டி அப்படியே இருந்தது, நான் அதை இன்னும் இழுத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சுண்ணம் எல்லாம் உதிர்ந்து பையின் அடியில் கிடந்தது.

திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கவனிக்கவில்லை.