கேட்கப் போன இடத்தில் கேட்காமல் திரும்பிய கதை

ஒலிக்கலவைதான் என் பிழைப்பு என்பதால், ஸ்டுடியோவுக்கு, ஒலியை உள்ளது உள்ளபடி கேட்கவைக்கும் புதிய மானிட்டர் ஸ்பீக்கர்களைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நப்பாசையில், சென்னையிலிருந்து ரயிலேறி மும்பையில் நடந்த ஒலித்துறைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஜோடி ஸ்பீக்கரின் முன் நின்று, குரலின் ரிவெர்ப், அதாவது குரல் நின்ற பிறகும் நீளும் எதிரொலிப்பு, எப்படித் தேய்ந்து மறைகிறது என்று கவனிக்க முயன்ற வேளையில், பத்தடி தள்ளியிருந்த அரங்கில் ஒருவர் அடித்தொனியை முழங்கும் 18 அங்குல சப்வூஃபர்களை அலறவிட்டார். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்ததே தவிர, ரிவெர்ப் கேட்கவில்லை. கைப்பேசிச் செயலி 100 டெசிபெல்லைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. அந்த அளவு ஒலியில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) நிறுவனம் தரும் பரிந்துரை. நானோ பாதி நாள் நின்றேன். (காதடைப்பானை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கரை எப்படிச் சோதிப்பது?) விற்பனையாளரிடம் முறையிட்டால், அவரும் தன் பங்குக்கு ஒலியைக் கூட்டுகிறார். ஒரே பாட்டை ஓரிரு டெசிபெல் உயர்த்தி ஒலிக்கவிட்டால் காது அதையே மேலானது என்று நம்பிவிடும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி; அந்த வித்தையை எங்களிடமே காட்டுகிறார்கள். ‘டெமோ ரூம்’ என்று பலகை மாட்டிய ஓர் அறையும் இருந்தது. அதன் சுவர் வெறும் துணி. பை நிறையத் துண்டறிக்கைகளோடும் காதில் ஓயாத ரீங்காரத்தோடும் ஊர் திரும்பினேன். மானிட்டர் இன்னும் வாங்கவில்லை.