சம்பளம் வராதவன் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும்?

கப்பல் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளிடம், ஐ.டி.எஃப். என்ற சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பிடம் புகார் செய்யாதீர்கள் என்று ஒரு முன்னாள் கேப்டன் பேசிய ஆடியோவை நண்பர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். "ஐ.டி.எஃப்.-க்கு ஃபோன் போடுறவனுக்கு அடுத்த கப்பல் கிடையாது" என்று, கடலையே பார்த்திராத பிள்ளைகள் முன்னால் அத்தனை பெருமையாகச் சொல்கிறார். வயதில் மூத்தவர், கேப்டனாக இருந்தவர் என்பதால் மரியாதையாகவே கேட்கிறேன்: சம்பளம் வராதவன் வேறு யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் சார்?

கப்பல் முதலாளி ஒரு நாட்டில், கப்பலைப் பதிவு செய்து பறக்கவிடும் கொடி பனாமாவுடையது, நிர்வாகம் மூன்றாவது நாட்டில், ஆளெடுத்த ஏஜென்ட் மும்பையில் என்றால், பாக்கிச் சம்பளத்துக்கு எந்த ஊர்க் கோர்ட்டுப் படியேறுவது? இப்படிச் சட்டத்துக்கு அகப்படாமல் இருக்கக் கொடியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்துத்தான் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, அதாவது இதே ஐ.டி.எஃப்., 1948-இல் ஆஸ்லோ மாநாட்டில் தன் இயக்கத்தைத் தொடங்கியது. முகம் தெரியாத கப்பல் தொழிலாளிக்காகத் துறைமுகத் தொழிலாளி அந்தக் கப்பலின் சரக்கைத் தொட மறுப்பதுதான் அதன் பலம். அந்தப் பலத்தைப் பிடுங்கிவிட்டு, ஏஜென்ட்டின் நல்ல மனதை நம்பச் சொல்கிறீர்கள்.

எகிப்தின் அதபியா துறைமுகத்தில் 2017-இல் 'அமான்' என்ற கப்பல் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த சிரியா நாட்டுச் சீஃப் ஆபீசரை நீதிமன்றம் அதன் சட்டப்பூர்வப் பாதுகாவலராக்கியதால், மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அவரால் இறங்க முடியவில்லை. மின்சாரம் இல்லாத கப்பலில் தனி ஆளாகக் கிடந்தார். ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்தினார். 2021-இல் ஐ.டி.எஃப். பிரதிநிதி ஒருவர் அந்தப் பொறுப்பைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட பிறகே அவர் வீடு போய்ச் சேர்ந்தார். 'சங்கம் என்ன கிழித்தது?' என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து ஏ.பி.யாக, அதாவது கப்பலின் தேர்ந்த மாலுமியாகப் போனவர். ஓய்வு நேரப் பதிவேட்டில் ஒரு மாதத்துக்கான கட்டங்களை எல்லாம் முன்கூட்டியே நிரப்பி, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்கள் என்பார். நாளுக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்ற விதி காகிதத்தில் அப்பழுக்கில்லாமல் நிறைவேறும். அவரோ டேங்க் கழுவிவிட்டு நேரே வாட்ச்சுக்கு, அதாவது காவல் பணிக்குப் போவார். சம்பளம் நின்றபோது அம்மா ஏஜென்ட் அலுவலகத்து வாசலில் போய் நின்றாள். "உங்க பையன் புகார் கிகார் பண்ணாம இருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆடியோவில் நான் கேட்டது அதே குரலைத்தான்.

'நம் ஆட்கள் புகார் செய்தால் முதலாளிகள் வேறு நாட்டுக்காரனை எடுப்பார்கள்' என்று உடனே ஒருவர் வருவார். அந்த வேறு நாட்டுக்காரனுக்கும் அதே குறைந்தபட்சச் சம்பளத்தைக் கேட்பதுதானே ஐயா இந்த ஒற்றுமையின் நோக்கமே? நாம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் கிடைத்த பரிசையும் பார்த்தோம்: 2024-இல் 312 கப்பல்களில் முதலாளிகளால் கைவிடப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் இந்தியர்களே அதிகம் என்கிறது ஐ.டி.எஃப். பணக்கார நாட்டுச் சங்கங்கள் தங்கள் ஆட்களின் வேலையைக் காக்கவும் ஐ.டி.எஃப்.-இன் இந்த இயக்கத்தைப் பயன்படுத்தின என்பது உண்மை, இருக்கட்டும். 'சங்கத்திலும் காசு பார்ப்பவர்கள் உண்டு' என்பீர்கள். காசு பார்க்காத ஏஜென்ட் ஒருவரைக் காட்டிவிட்டு அதைப் பேசுங்கள்.

புகார் செய்தவர்களுக்கு வேலை கிடைக்காமல் செய்யப் பட்டியல் வைத்திருப்பதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 தடை செய்கிறது. இந்தியா 2015-இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆக, கேப்டன் சார் அறிவுரை என்று நினைத்து ஊருக்கே ஒலிபரப்பியது, சட்டம் தடுத்திருக்கும் ஒரு காரியத்தை. அதே உடன்படிக்கை, வேலை வாங்கித்தரக் கப்பல் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆடியோவின் கடைசியில் 'பிளேஸ்மென்ட் தொகை' என்று ஒன்றைச் சொல்கிறாரே, அதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு ரசீது கொடுப்பாரா?