மஜ்ஜை ஊசி முதுகுத்தண்டில் குத்தப்படுவதில்லை

“எலும்பு மஜ்ஜை டெஸ்டுக்கு முதுகுத்தண்டில் ஊசி ஏற்றுவார்கள், கால் விழுந்துவிடும்” என்று பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு.

ஊசி இறங்குவது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்மேட்டில். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் அங்கே இல்லவே இல்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். முதுகில் நீர் எடுப்பது வேறு பரிசோதனை. இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

“பழைய காலத்து ஊசிதான் இன்னும்” என்பதும் பாதிதான் சரி. பழைய ஊசிகளில் பரிசோதனைக்கு எடுக்கும் மஜ்ஜைத் துண்டு நசுங்கும், அல்லது ஊசியை உருவும்போது எலும்பிலேயே தங்கிவிடும். மறுபடி குத்த வேண்டும். 1971-இல் ஜம்ஷிதி என்ற மருத்துவர் வெளியிட்ட, இன்றும் புழங்கும் வடிவமைப்பில் நுனி குறுகலானது. அறுபட்ட துண்டு அகலமான உட்குழலுக்குள் நெருக்குப்படாமல் நுழையும், எளிதில் நழுவாது. அப்புறம் துண்டை உள்ளேயே பிடித்துக்கொள்ளும் அமைப்புள்ள ஊசிகளும், மோட்டாரில் சுழல்பவையும் வந்தன.

வலியே இல்லை என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். மரப்பு ஊசி தோலையும் எலும்பின் மேலுறையையும்தான் மரக்கவைக்கும். மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் சுரீரென்று இழுக்கும். ரத்தக்கசிவு, தொற்று அரிதாக வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.