பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் ஒரு வியப்பு

கடலின் வியப்புகள் என்று இங்கே பகிரப்படும் பதிவுகளில் பெரும்பாலானவை மரியானா அகழியில் தொடங்கி, தலையில் விளக்கைத் தொங்கவிட்டுத் திரியும் தூண்டில் மீனில் முடிந்துவிடுகின்றன. ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழம், வெளிச்சம் எட்டாத இருட்டு, வாய் நிறைய ஊசிப் பற்கள் என்று எழுதினால் விருப்பக்குறிகள் குவியத்தான் செய்யும். அவற்றில் பல உண்மையான தகவல்கள்தாம் என்பதால் அந்தப் பதிவுகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், கடலில் வியக்கத்தக்கது எதுவானாலும் அது மனிதர் போக முடியாத ஆழத்தில்தான் இருக்கும் என்ற எண்ணத்தை அவை நம் மனத்தில் ஊன்றிவிடுகின்றன என்பது என் குறை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. எனக்குத் தெரிந்து கடலின் மிகப் பெரிய வியப்புகளில் ஒன்று அங்கேதான் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் நம் கரையோர மக்கள் அழைக்கும் விலங்கைத்தான் சொல்கிறேன். சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும் இந்த உயிரினம் மீனும் அல்ல, திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவும் அல்ல. இன்று உயிரோடிருக்கும் நில விலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் யானை. அந்த உறவு உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பால்மடி யானைக்கு முன்னங்கால்களுக்கு இடையில் இருப்பதுபோலவே, இதற்குத் துடுப்பின் அக்குளில் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தங்கள் முளைக்கின்றன. அந்தத் தந்தத்தை அறுத்து, அதிலுள்ள வளர்ச்சி அடுக்குகளை எண்ணித்தான் ஆய்வாளர்கள் இதன் வயதைக் கணக்கிடுகிறார்கள். எழுபது வயதை எட்டிய ஆவுளியாக்கள் இருந்திருக்கின்றன என்பது அப்படித் தெரிய வந்ததே. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இது எழுப்பும் ஒலியோ பறவைக் குஞ்சின் கீச்சொலியை ஒத்தது.

ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் மூதாதையர் வகையைச் சேர்ந்த விலங்குகள் நான்கு கால்களோடு நடந்தன. அப்படிப்பட்ட ஒன்றின் எலும்புகள் ஜமைக்காவில் கிடைத்து, 2001இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய விலங்கு என்பதே வியப்புதான். அதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று: அது தின்னும் புல்லும் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பியதே. கடற்புல்லைப் பாசி என்று நினைப்பவர்கள் பலர். அது வேரும் தண்டும் பூவும் விதையும் கொண்ட முழுமையான பூக்கும் தாவரம். டைனோசர்கள் உலவிய காலத்தில் கடலுக்குள் இறங்கிய தாவரங்களின் வழித்தோன்றல். இன்று உலகில் சுமார் எழுபது வகைகளே உள்ளன. மேய்கிற விலங்கும் மேயப்படுகிற புல்லும் வெவ்வேறு காலத்தில் கரையை விட்டு இறங்கி, தண்ணீருக்கடியில் ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன.

தண்ணீருக்குள் பூப்பது எப்படி என்ற கேள்வி எழலாம். பெரும்பாலான வகைகள் மகரந்தத்தை நீரோட்டத்தில் விட்டுவிடுகின்றன. நம் தென்கடலிலும் வளரும் நீண்ட இலைக் கடற்புல் வகையொன்று வேறு வழியைக் கையாளுகிறது: அதன் ஆண் பூக்கள் அடியில் செடியிலிருந்து கழன்று நீர்மட்டத்துக்கு மிதந்து வந்து, அலை இழுத்த பக்கமெல்லாம் அலைகின்றன, நீர் வற்றும் நேரத்தில் நீண்ட காம்பின் நுனியில் மேற்பரப்பைத் தொட்டு நிற்கும் பெண் பூ அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. கரீபியக் கடலில் வளரும் வேறொரு வகையில் சிறு இறால் இனங்களும் புழுக்களும் இரவில் பூவுக்குப் பூ சென்று மகரந்தம் சுமக்கின்றன என்று 2016இல் மெக்சிகோவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. கடலுக்கடியில் தேனீ வேலை பார்க்க ஆள் இருக்கிறது என்பதை அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் புல்வெளியில் ஆவுளியா மேயும் விதமும் தனி. கீழ்நோக்கி வளைந்த, விறைத்த மயிர்கள் நிறைந்த மேலுதட்டால் மண்ணைக் கிளறி, இலையோடு கிழங்குத் தண்டையும் சேர்த்துப் பிடுங்கித் தின்னும்; அது போன வழியில் ஒரு சாண் அகலத்தில் பல மீட்டர் நீளத்துக்கு வெறும் மண் தடம் கிடக்கும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை தேவைப்படும். அத்தனையும் நார்ச்சத்து என்பதால், 25 மீட்டருக்கும் மேல் நீளும் பெருங்குடலில் ஒரு வாரம் போல ஊறித்தான் அது செரிக்கிறது. இப்படி வேரோடு பிடுங்கினால் புல்வெளி அழிந்துவிடாதா என்றால், அளவோடு மேயப்பட்ட இடத்தில் இளம்புல் மீண்டும் வருகிறது. சாணத்தோடு வெளியேறும் விதைகள் வேறிடத்தில் முளைக்கவும் செய்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா என்றதும் சொல்லாமல் விட முடியாதது ஷார்க் விரிகுடா. அங்கே 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்திருக்கும் கடற்புல் வெளியைப் பல இடங்களில் எடுத்து மரபணுச் சோதனை செய்தபோது அத்தனையும் ஒரே செடி என்று 2022இல் தெரிந்தது. ஒரு விதையிலிருந்து கிளம்பி, தண்டை நீட்டி நீட்டி, சுமார் 4,500 ஆண்டுகளாக அது படர்ந்துகொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆவுளியாக்கள் வாழும் விரிகுடாவும் அதுவே.

நம் பக்கம் நிலைமை அப்படி இல்லை. இந்தியக் கடல்களில் மொத்தமாகச் சில நூறு ஆவுளியாக்களே எஞ்சியிருக்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. பெண் ஆவுளியா பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிறகே தாயாகிறது; 13, 14 மாதங்கள் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனுகிறது; அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகிறது. எல்லாம் கூடி வந்தாலும் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் எண்ணிக்கை பெருக வழியில்லை. இதன் பொருள் என்னவென்று பார்க்க விரும்புகிறவர்கள் ஆவுளியாவின் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசுவின் கதையைப் பார்க்கலாம். ரஷ்யாவுக்காகக் கடற்பயணம் போன பெரிங்கின் கப்பல் உடைந்து மாலுமிகள் ஒரு தீவில் ஒதுங்கிய 1741ஆம் ஆண்டில், 8 மீட்டர் நீளமுள்ள அந்த விலங்கை கியார்க் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் முதன்முதலில் பார்த்து விவரித்தார். கொல்லப்பட்ட பெண் விலங்கு கிடந்த கரைக்கு அதன் ஆண் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வந்து பார்த்ததையும் குறித்து வைத்தார். அடுத்து வந்த தோல் வேட்டைக்காரர்கள் உணவுக்காகக் கொன்று குவித்ததில் 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அறிவியலுக்கு அறிமுகமானதிலிருந்து 27 ஆண்டுகள். சீனக் கடற்கரையிலும் ஆவுளியா ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அதே 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல முடிவு, மனமாரப் பாராட்டுகிறேன். எனினும், இதைத் தனியாக ஒரு விலங்கைக் காக்கும் திட்டமாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று இதை வேட்டையாடுகிறவர்கள் குறைவு. இறப்பது பெரும்பாலும் வலையில் சிக்கித்தான்: சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய விலங்கு, வலைக்குள் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகிறது. பட்டினி போடுவது இழுவைமடி. தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் அந்த மடி, மேய்ச்சல் நிலத்தையே பெயர்த்தெடுக்கிறது. இழுவைப் படகுக்காரர்களை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமல்ல, அந்தத் தொழிலுக்குக் கடனும் மானியமும் தந்து வளர்த்தவை அரசுகளே. மாற்றுத் தொழிலுக்கான செலவில் பெரும்பங்கை அவை ஏற்கத்தான் வேண்டும்.

நாட்டுப்படகுக்காரர் விஷயத்தில் வழி இன்னும் எளிது. சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். அறுத்த வலை அவருக்குப் பெரும் நட்டம். கடலில் இறக்கி விட்டவர்களுக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் வழங்குவதைச் செய்திகளில் பார்க்கிறோம். பொன்னாடையைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம். வலைக்கான பணம் அந்த வாரத்திலேயே, நாலு அலுவலகம் ஏறி இறங்காமல், அவர் கணக்குக்கு வர வேண்டும். இதே ஏற்பாடு இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மீனவருக்கும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆவுளியா எந்த நாட்டுப் புல் என்று பார்த்து மேய்வதில்லை. இரு கரை மீனவர் சங்கங்களும் பேச உட்காரும்போதெல்லாம் படகுகளையும் கைதுகளையும் பற்றியே பேசி எழுகிறார்கள். அடுத்த முறை கடற்புல் வெளிகளின் வரைபடமும் அந்த மேசையில் விரிக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை.