கார் எதையெல்லாம் பார்க்காது என்று விற்கும்போதே ஏன் சொல்லவில்லை?

போன தை மாதம், இரவு ஒன்பதரை மணி. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, விழுப்புரமும் கடந்து, உளுந்தூர்பேட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் கணவர் ஓட்டினார். நான் அவர் பக்கத்தில், அக்காவும் அவள் மகளும் பின்னால். வாங்கி நான்கு மாதமே ஆன கார். வைத்த வேகத்தில் காரைத் தானாகவே ஓட்டும் க்ரூஸ் கண்ட்ரோலை 90-இல் வைத்துவிட்டு மாமா வலது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் ஓர் ஆம்னி பஸ். அதைப் பார்த்து கார் தானாகவே வேகத்தைக் குறைத்து, 75-இல் ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. திண்டிவனத்திலிருந்தே இப்படித்தான். மாமா வீட்டுக் கடன் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

பஸ் சட்டென்று வலது தடத்துக்கு மாறியது. முன்னால் வழி கிடைத்துவிட்டது என்று கார் நினைத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகமானி ஏறியது. 78, 82, 85. ஹெட்லைட் வெளிச்சத்தில் வைக்கோல் நிறத்தில் பெரிதாக ஏதோ தெரிந்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர். மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்விளக்கு இல்லை, ஒளிரும் ஸ்டிக்கர் இல்லை. இருந்திருந்தாலும் டிரெய்லருக்கு வெளியே மூன்று நான்கு அடி நீட்டிக்கொண்டிருந்த கரும்பு அதை மறைத்திருக்கும்.

“மாமா!” என்று கத்தினேன். மடங்கிக் கிடந்த கால் எப்படி வந்ததோ, பிரேக்கில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் டேஷ்போர்டில் சிவப்பு எழுத்து மின்னி, எச்சரிக்கை மணி அலறியது. வேகம் அடங்கியபோது கரும்பின் வெட்டு முனைகள் ஒவ்வொன்றாக எண்ணிவிடும் தூரத்தில் இருந்தன. டிராக்டர் ஓட்டியவருக்குப் பின்னால் நடந்த எதுவுமே தெரியாது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினோம். அக்காவின் தோளில் சீட் பெல்ட் அழுத்திய சிவப்புத் தடம். மாமா ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்தபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “தம்பி, வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றுதானே ஷோரூமில் சொன்னார்கள்?”

அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த உரிமையாளர் கையேட்டை எடுத்துப் படித்தேன். முழுக்க முழுக்க ஆங்கிலம். க்ரூஸ் கண்ட்ரோல் பற்றிய பகுதியில் எச்சரிக்கை மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தது. நிற்கும் வண்டியை உணராமல் போகலாம். இருசக்கர வாகனத்தை உணராமல் போகலாம். வளைவில் முன்வண்டியைத் தவறவிடலாம். பலத்த மழையில் வேலை செய்யாமல் போகலாம். முன்னால் போகும் வண்டி தடம் மாறினால் கார் மீண்டும் வேகமெடுக்கும். பின்பக்கம் சரக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியைச் சரியாக உணராமல் போகலாம். எங்களுக்கு அன்று நடந்தது அத்தனையும் அச்சில் இருந்தது! எங்களைக் கொல்லப் பார்த்த விஷயத்தைக் கார் செய்தவர்கள் முன்பே அறிந்து, எழுதி, கையுறைப் பெட்டிக்குள் வைத்து மூடி எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். விற்றவர் வாயிலிருந்து மட்டும் அதில் ஒரு வரிகூட வரவில்லை.

இதன் காரணம் ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. முன்பக்கம் கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும் ரேடார், பொருட்களின் மேல் பட்டுத் திரும்பும் அலையை வைத்து தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. பெயர்ப்பலகை, மேம்பாலம், நடுத்தடுப்புக் கம்பி எல்லாமே அசையாமல் நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால், நின்றுகொண்டிருப்பவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் கழித்துவிடும்படிதான் பல க்ரூஸ் கண்ட்ரோல்களை அமைத்திருக்கிறார்கள். பழுதாகி நிற்கும் லாரி நம் கண்ணுக்குத்தான் எமன். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஐம்பது மீட்டர் போய்விடும். நம் நெடுஞ்சாலையில் அந்த ஐம்பது மீட்டருக்குள் மாடு நிற்கும், எதிர்த்திசையில் பைக் வரும், விளக்கில்லாத காவல்துறைத் தடுப்பு நிற்கும். இதை அரைமணி நேரம் உட்கார வைத்துச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

ஆனால் எனக்கு ஷோரூமில் என்ன காட்டினார்கள் தெரியுமா? மாமாவோடு நானும் சோதனை ஓட்டத்துக்குப் போயிருந்தேன். “சார், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுங்கள், கார் தானாகவே வளைவதைப் பாருங்கள்” என்றான் அந்த இளைஞன். மாமா குழந்தைபோலச் சிரித்தார். நானும்தான். அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவனுக்கே அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாத இலக்கு கொடுத்து அனுப்பிய மேலதிகாரிகள்மேல்தான் எனக்கு ஆத்திரம். தானியங்கி வசதிகளைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்று இங்கே “ஏடாஸ்”, அதாவது ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதி, என்று விளம்பரம் செய்து விற்கிற கார்கள் அதிகபட்சம் இரண்டாம் நிலைதான். இரண்டாம் நிலை என்றால், ஓட்டுவது மனிதன். ஒவ்வொரு நொடியும் மனிதன். கார் கொஞ்சம் கை கொடுக்கிறது, அவ்வளவே. விளம்பரத்தில் ‘இரண்டாம் நிலை’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அதைப் படிக்கிறவன் இரண்டு என்றால் ஒன்றைவிட உயர்ந்தது, ஆகவே நாம் கவலையில்லாமல் இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

இது தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊருக்கு அருகே, ஆட்டோபைலட் என்ற தானியங்கி வசதியில் ஓடிய டெஸ்லா மாடல் எஸ் கார், சாலையைக் குறுக்கே கடந்த லாரி டிரெய்லரின் அடியில் புகுந்து அதை ஓட்டியவர் இறந்தார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் இயங்கியது 37 நிமிடங்களுக்கு மேல். அதில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவானது 25 நொடி. தானியங்கியை அளவுக்கு மீறி நம்பியதையும், அப்படி நம்பியிருக்க இடம்கொடுத்த வடிவமைப்பையும் 2017-லேயே அந்த வாரியம் காரணங்களில் சேர்த்துச் சொல்லிவிட்டது. இத்தனை ஆண்டு கழித்து, அதைவிட நூறு மடங்கு சிக்கலான நம் சாலையில், கையை எடுத்துப் பாருங்கள் என்று கூசாமல் சொல்கிறார்கள்.

இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவரை அந்த மணி எழுப்பும். கவனம் சிதறிய நேரத்தில் அவசர பிரேக்கைக் கார் தானாகவே அழுத்தும். மோதலைத் தடுக்காவிட்டாலும் மோதும் வேகத்தைக் குறைக்கும். உயிர் பிழைக்க அந்த வித்தியாசம் போதும். அதனால்தான் எனக்கு இன்னொரு கூட்டத்தின்மீதும் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள்.

சென்ற மாதம் வாடகைக் காரில் போனேன். ஏறியதும் ஓட்டுநர் வரிசையாகப் பொத்தான்களை அழுத்தி அணைத்தார். ஏன் என்றேன். “சும்மா கத்திக்கொண்டே இருக்கிறது சார், ஸ்டீயரிங்கை வேறு பிடித்து இழுக்கிறது” என்றார். ஏன் இழுக்கிறது? அவர் இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுகிறார். தெரியாமல் கோட்டைத் தாண்டுகிறார் என்று கார் நினைத்துத் திருப்பி இழுக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் இழுக்காது. இந்த ஒரு வரியை அவரிடம் யாருமே சொன்னதில்லை. நான் சொன்னதும் செங்கல்பட்டு தாண்டிப் போட்டுப் பார்த்தார். “அட, ஆமாம் சார்” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று ஆண்டாக அந்த வண்டியை ஓட்டுகிறார்!

எதை எங்கே அணைக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகர நெரிசலில் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவே வேண்டாம். நாம் விடும் இடைவெளியில் மூன்று பைக் நுழையும், கார் ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டு பிரேக் போடும், பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். மேம்பால வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதிய கோடும் குழம்பிக் கிடக்கும்; அங்கே தடம் பிடிக்கும் வசதியை நிறுத்திவிடுவதே நல்லது. ஆனால் அவசர பிரேக்கை மட்டும் அணைக்கவே கூடாது. இவை தனித்தனி வசதிகள், தனித்தனியாக அணைக்கக்கூடியவை என்பதே பலருக்குத் தெரியாது. எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

பழுது பார்க்கும் இடத்தில் இன்னும் மோசம். என் காரின் முன் கண்ணாடியில் டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு விரிசல் விட்டது. மாற்றிக் கொடுத்தார்கள். உள்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டித்தான் கேமரா இருக்கிறது. கண்ணாடி மாறினால் அந்தக் கேமராவைப் புதிதாக அளந்து சரிசெய்ய வேண்டும். “கேலிப்ரேஷன் செய்தீர்களா?” என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “அதெல்லாம் தேவையில்லை சார், எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே” என்றார். விளக்கு எரியாவிட்டால் சரியாகிவிட்டதா? கேமராவின் பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினால் நூறு மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் விலகும். நம் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் மூன்றரை மீட்டர். பாதித் தடம்! பக்கத்துத் தடத்து வண்டியை நம் தடத்தில் இருப்பதாகவும், நம் முன்னால் இருப்பதை இல்லை என்றும் கார் நினைத்துக்கொள்ளும். மூன்று நாள் சண்டை போட்ட பிறகுதான் செய்து கொடுத்தார்கள். கேட்கத் தெரியாதவர் என்ன செய்வார்? மாறுகண்ணோடு அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது நாமே செய்துகொள்வது. கார் வந்த மறுநாளே அலங்காரக் கடைக்கு ஓட்டிப்போய் முன்னால் இரும்புக் கம்பி மாட்டுகிறோம். அப்படிப்பட்ட கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரேடாருக்கு நேர் எதிரே இரும்பை நிறுத்தினால் அது எதைப் பார்க்கும்? இருக்கையின் பக்கவாட்டில் தையலுக்குள் ஏர்பேக் இருப்பது தெரியாமல் அதன்மேல் தடித்த சீட் கவரை இறுக்கித் தைக்கிறோம். ஆயுத பூஜைக்கு மாலையும் வாழைக்கன்றும் கட்டுவது நம் வழக்கம், கட்டலாம். நெடுஞ்சாலைக்குப் புறப்படும் முன் ரேடாரையும் கேமராவையும் மறைப்பதை அவிழ்த்துவிட வேண்டும். எனக்குப் பொறுக்கவே முடியாதது சீட் பெல்ட் மணியை ஏமாற்றும் அந்தச் சின்னக் கொக்கி. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்து, இணையக் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. பதின்மூன்றாயிரம்! உயிரைக் காக்கும் மணியின் வாயை அடைக்க இத்தனை கடை விரித்திருக்கிறார்கள். அன்று இரவு அக்கா பெல்ட் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார், சீட் பெல்ட் மணி, வேக எச்சரிக்கை எல்லாம் கட்டாயம். நல்லது. காருக்குள் எது இருக்க வேண்டும் என்று இவ்வளவு கறாராகச் சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, அதை வாங்குகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லையே! சாவியைக் கொடுக்கும்போது கேக் வெட்டுகிறார்கள், குடும்பத்தோடு படம் எடுக்கிறார்கள், பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அதே நேரத்தில் ஒரே ஒரு தமிழ்த் தாளில், இந்தக் கார் பார்க்காத பத்து விஷயங்களை அச்சிட்டுக் கொடுத்துப் படித்துக் காட்ட முடியாதா? லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறவர்களால் ஒரு தாளுக்குச் செலவழிக்க முடியாதா?

நானே எழுதினேன். கையேட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதி, மாமாவுக்குப் புரிகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். ‘நிற்கிற வண்டி’ என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னவர் அவர்தான். ‘நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, கம்பி, மூங்கில்’ என்பதை அவரே தன் கையெழுத்தில் சேர்த்தார். இப்போது நெடுஞ்சாலையில் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டாலும் அவர் கால் பிரேக் பக்கமே இருக்கிறது. முன்வண்டி விலகினால், முதலில் பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துவிட்டுத்தான் என்ன வருகிறது என்று பார்க்கிறார்.

போன வாரம் அந்த ஷோரூமிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது. எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் சார், பத்து போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு பெண் கேட்டார். மாமா கைபேசியை என்னிடம் கொடுத்தார். “அம்மா, இந்தக் கார் எதையெல்லாம் பார்க்காது என்று சொல்லுங்கள், பத்து போட்டுக்கொள்ளலாம்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் அழைக்கவில்லை.